களியக்காவிளையைத் தாண்டும் ஸ்கேன் டிஸ்க்: ரேடியாலஜி இன்பர்மேட்டிக்ஸ் மாணவர்களுக்கு முதல் பாடம்

மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ ஸ்கேன் எடுத்தவர் அடுத்த வாரம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குப் போகிறார். புற்றுநோய் சிகிச்சைக்கு ஆர்.சி.சி., மூளை, இதய சிகிச்சைக்கு ஸ்ரீ சித்திரா என்று கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குப் பகுதி மக்கள் எல்லை தாண்டுவது காலங்காலமாக நடப்பதுதான். பிலிம் கவர் மடங்கிவிடாமல் மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று பஸ்ஸில் போவார்கள். கவருக்குள் இரண்டு மூன்று பிலிம், ஒரு ரிப்போர்ட், ஒரு டிஸ்க். ஸ்கேனையும் வட்டையும் நாம் பேச்சில் ‘சிடி’ என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் வராமலிருக்க இந்தக் கட்டுரையில் கருவி சி.டி. ஸ்கேன், வட்டு டிஸ்க்.

அந்த டிஸ்க் மறுகரையில் போய்ச் சேர்ந்ததும் என்ன ஆகிறது என்பதிலிருந்துதான் ரேடியாலஜி இன்பர்மேட்டிக்ஸ், அதாவது ஸ்கேன் படங்களைக் கணினியில் கையாளும் துறையின் அறிமுகப் பயிற்சி தொடங்க வேண்டும். பெரும்பாலும் எக்ஸ்ரே இயற்பியலில் தொடங்கி, படங்களைச் சேமித்து எடுத்துத் தரும் பேக்ஸ் மென்பொருளின் பொத்தான்களைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் வேலைக்குப் போன முதல் வாரத்தில் மாணவரைத் தடுமாற வைப்பது இவை இரண்டுமல்ல. திறக்காத படத்தை யாரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து விடுவார்கள். நன்றாகத் திறந்து, வேறொருவருடைய பதிவில் போய் உட்கார்ந்துகொண்ட படத்தைக் கண்டுபிடிக்க நாட்கள் ஆகும். அதற்குள் அந்தப் படத்தை வைத்து ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது

டிஸ்க்கைத் திறந்தால் ‘டைகாம்டிர்’ என்ற பெயரில் ஒரு கோப்பு, பின்னொட்டு ஏதுமில்லாத பெயர்களோடு நூற்றுக்கணக்கான கோப்புகள், கூடவே படம் பார்க்க ஒரு வியூவர் மென்பொருள். கோப்புப் பெயர்கள் பெரிய எழுத்திலும் 8 எழுத்துக்குள்ளும் இருப்பதற்குக் காரணம், மருத்துவப் படங்களைச் சேமிக்கவும் அனுப்பவும் வகுத்த டைகாம் தரத்தின் டிஸ்க் விதி. டைகாம்டிர் என்பது பொருளடக்கம் மாதிரி: எந்த நோயாளி, எந்தப் பரிசோதனை, அதில் எத்தனை வரிசை (ஒன்றாகச் சேரும் படங்களின் தொகுப்பு), ஒவ்வொன்றிலும் எந்தெந்தக் கோப்பு என்று அதில் இருக்கும். ஒவ்வொரு படக் கோப்பிலும் முதல் 128 பைட்டில் பொதுவாகப் பொருள் எதுவும் இராது. அதன்பின் டி, ஐ, சி, எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். பின்னொட்டு இல்லாத கோப்பு டைகாம்தானா என்பதை இந்த நான்கு எழுத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

டிஸ்க்கில் வரும் வியூவரை ஆஸ்பத்திரிக் கணினியில் ஓடவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் இயங்கு நிரல் அது. வைரஸ் உள்ளே வர எளிய வாசல். வலைப்பின்னலிலிருந்து பிரித்து வைத்த ஒரு கணினியில் வைரஸ் சோதனை செய்து, படக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வதே சரி.

இன்னொரு குறை அடிக்கடி வரும். ஒரு டிஸ்க் பிடிப்பது ஏறக்குறைய 700 எம்.பி. நெஞ்சு சி.டி. ஸ்கேனில் 300 மி.மீ. உயரத்தை 1 மி.மீ. கனத்தில் வெட்டினால் 300 ஸ்லைஸ், 5 மி.மீ. கனத்தில் வெட்டினால் 60. இடமும் நேரமும் மிச்சம் என்று சில இடங்களில் 5 மி.மீ. வரிசையை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ரிப்போர்ட் படிக்க அது போதும். அறுவை சிகிச்சைக்கு முன் முப்பரிமாணத்தில் பார்க்கவோ, சிறு கட்டியை அளக்கவோ போதாது. நோயாளி மறுபடியும் ஸ்கேன் எடுக்க நேரிடும். கதிரும் மறுபடி, காசும் மறுபடி. டிஸ்க் எழுதும்போது மெல்லிய வரிசையும் உள்ளதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

எண்களால் ஆன படம்

சி.டி. ஸ்கேனின் ஒரு ஸ்லைஸ் 512 நிரை, 512 நிரல். ஒவ்வொரு புள்ளிக்கும் 2 பைட். பெருக்கினால் 5,24,288 பைட், அதாவது அரை எம்.பி. அந்த 16 பிட் இடத்தில் பெரும்பாலும் 12 பிட்தான் பயன்படும். 4,096 அளவுகளைக் குறிக்க அது போதும். கோப்பில் இருக்கும் எண் நேரடியாக ஹவுன்ஸ்பீல்டு அளவு, அதாவது திசுவின் அடர்த்தியைக் காட்டும் எண், அல்ல. சரிவு என்ற எண்ணால் பெருக்கி, இடைமறிப்பு என்ற எண்ணைக் கூட்ட வேண்டும். ஹெடரில், அதாவது கோப்பின் தொடக்கத்தில் உள்ள விவரப் பகுதியில், ஒவ்வொரு விவரத்துக்கும் டேக் என்ற எண் உண்டு; சரிவு 0028,1053 என்ற டேகிலும் இடைமறிப்பு 0028,1052 என்ற டேகிலும் இருக்கும். சரிவு 1, இடைமறிப்பு −1024 என்றால், கோப்பில் 1024 என்று இருக்கும் புள்ளி 0, அதாவது தண்ணீர். காற்று −1000. கொழுப்பு −100 அருகே. மூளைத் திசு 25 முதல் 40 வரை. புதிதாக உறைந்த ரத்தம் 60, 70 என்று நிற்கும்.

மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையே முப்பது நாற்பது எண்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். முழு அளவையும் திரையின் 256 சாம்பல் நிறத்துக்குள் அடைத்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதற்காகத்தான் விண்டோ. மூளைக்கு மையம் 40, அகலம் 80 என்று வைத்தால் 0 முதல் 80 வரை உள்ளவை மட்டும் கறுப்பிலிருந்து வெள்ளைவரை விரியும். நுரையீரலுக்கு மையம் −600, அகலம் 1500. அதே கோப்புதான், பார்க்கும் சன்னல் மட்டும் மாறுகிறது.

கைப்பேசியில் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தின் ஆபத்து இங்கேதான். அனுப்பப்பட்டது ஒரு விண்டோவின் நிழல். மறுமுனையில் இருப்பவர் அதை மாற்றிப் பார்க்க முடியாது. அளக்கவும் முடியாது, ஒரு புள்ளி எத்தனை மி.மீ. என்ற தகவல் 0028,0030 டேகில் இருந்தது, அது படத்தோடு போகவில்லை. 250 மி.மீ. பரப்பை 512 புள்ளியாகப் பிரித்தால் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.49 மி.மீ. இந்த ஒரு எண் இல்லாமல் கட்டியின் அளவைச் சொல்வதற்கில்லை. நடுராத்திரி அவசரத்தில் கைப்பேசிப் படம் ஒரு முன்னறிவிப்பாக உதவும், அவ்வளவே. நோயாளியின் பதிவில் சேர வேண்டியது டைகாம் கோப்பு.

அனுப்பும் நேரத்தையும் கணக்குப் போட்டுப் பழக வேண்டும். 600 ஸ்லைஸ் என்றால் 300 எம்.பி.; எட்டால் பெருக்கினால் 2,400 மெகாபிட். 20 எம்.பி.பி.எஸ். இணைப்பில் குறைந்தது 120 நொடி. இங்கே பதிவிறக்க வேகம் அல்ல, பதிவேற்ற வேகம்தான் கணக்கு; ஸ்கேன் சென்டர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில். தரம் குறையாத சுருக்க முறையில் பாதி அளவுக்கு இறக்கலாம். இடையில் கரண்ட் போனாலோ இணைப்பு விட்டாலோ 600இல் 587 மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். வியூவர் அதையும் முழுப் படம் போலவே காட்டும். குறைந்த 13 ஸ்லைஸில்தான் கட்டி இருந்தது என்றால் என்ன செய்வது? அனுப்பிய எண்ணிக்கையும் சேர்ந்த எண்ணிக்கையும் சரிபார்க்காமல் ‘முடிந்தது’ என்று குறிக்கக் கூடாது. சர்வர் பத்திரமாக வாங்கிக்கொண்டதா என்று கருவி கேட்டு உறுதி செய்துகொள்ளும் வசதி டைகாமிலேயே இருக்கிறது; வாங்கிப் பொருத்தும்போது அதை இயக்கிவைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பெயர்தான் பெரும்பாடு

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர, எல்லைக்கோடு மாறியது. பெயர் வைக்கும் வழக்கம் மாறவில்லை. நம் பக்கத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். கேரளத்தில் வீட்டுப்பெயர், தகப்பன் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகள் பெரும்பாலும் பின்னால் வரும். வடக்கே திருத்தணி, சித்தூர்ப் பக்கம் போனால் இண்டிபேரு என்ற தெலுங்கு வீட்டுப்பெயர் முன்னால் வந்து நிற்கும், சில நேரம் முழுதாக. டைகாமின் 0010,0010 என்ற பெயர் டேகோ, குடும்பப்பெயர், இட்ட பெயர், நடுப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என்று ஐந்து அறை கேட்கிறது. அறைகளுக்கு நடுவே ^ என்ற கூரைக்குறி. குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லாதவர் முதல் அறையில் என்ன எழுதுவார்?

கிறிஸ்துதாஸ் என்று ஒருவர். இந்தப் பக்கம் குளச்சலிலிருந்து அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை வரை சகஜமான பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு டெக்னீஷியன் ‘சி எச்’ என்று தொடங்குவார், இன்னொருவர் ‘கே’ என்று. ‘து’வுக்கு ஒருவர் ‘எச்’ சேர்ப்பார், ஒருவர் சேர்க்க மாட்டார், ‘தா’வுக்கும் அப்படியே. எட்டு விதமாக எழுத இதுவே போதும். முதலெழுத்து முன்னால், பின்னால், இல்லாமல் என்று மூன்று வகை. எட்டும் மூன்றும் பெருக்கினால் ஒரே மனிதருக்கு 24 பெயர். கணினிக்கு இவர்கள் 24 பேர்.

தமிழிலேயே எழுதிவிட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எழுதலாம், நிபந்தனை உண்டு. 0008,0005 என்ற டேகில் எழுத்துத் தொகுதி எது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடிப்படை ஆங்கில எழுத்துகள்தான் என்று எடுத்துக்கொள்ளும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளும் கிறுக்கல்களும் வரும். தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடைமுறையில் வழி யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கம். அந்த டேகில் அதற்குரிய மதிப்பு ‘ஐஎஸ்ஓ_ஐஆர் 192’, ஆங்கிலப் பெரிய எழுத்தில். ‘கிறிஸ்துதாஸ்’ நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் 12. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36 பைட். சர்வருக்கு இது பெரிய விஷயமல்ல. பத்து வருடப் பழைய எக்ஸ்ரே கருவியின் திரையில் தமிழ் எழுத்துரு இருக்காது என்பதுதான் தடை. அதனால் டைகாமில் ஆங்கில எழுத்தில் ஒரே ஒழுங்கில் பெயரும், ரிப்போர்ட்டின் அச்சில் தமிழிலோ மலையாளத்திலோ பெயரும் வைத்துக்கொள்வது இப்போதைக்கு நல்ல ஏற்பாடு. திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதியவர்கள் விளவங்கோடு பக்கம் இன்னும் இருக்கிறார்கள். தன் பெயரைத் தானே படித்து ‘இது நான்தான்’ என்று சொல்ல முடிவது ஒரு பாதுகாப்பு.

எந்த ஒழுங்கு என்பதைவிட ஒரே ஒழுங்கு என்பது முக்கியம். முழுப் பெயர் முதல் அறையில், முதலெழுத்து இரண்டாம் அறையில், புள்ளி வேண்டாம், எல்லாம் பெரிய எழுத்து என்று ஒரு பக்கத்தில் எழுதி ஓ.பி. பதிவு மேசையில் ஒட்டிவிட வேண்டும். பதிவு மேசை ஆஸ்பத்திரி மென்பொருளில் எழுதுவதை ஒர்க்லிஸ்ட் என்ற பரிசோதனைப் பட்டியல் வழியாகக் கருவி அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். டெக்னீஷியன் கையால் பெயர் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஆள் பிறக்கிறார்.

வயதிலும் இதே நிலை. பிறந்த தேதி தெரியாது, ‘அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும்’ என்பார்கள். மென்பொருள் தேதி கேட்டு அடம்பிடிக்க, ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். பிறகு பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஆளை உறுதி செய்யும் முறை அர்த்தமற்றுப் போகும். ஊரில் பாதிப் பேர் ஜனவரி 1இல் பிறந்தவர்கள். தேதி தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். வயதுக்கென்று 0010,1010 என்ற தனி டேக் இருக்கிறது: மூன்று இலக்கமும், ஆண்டா மாதமா நாளா என்று காட்டும் ஓர் எழுத்தும்.

வெளி டிஸ்க்கை உள்ளே சேர்க்கும்போது

மிக அபாயமான தருணம் இது. மார்த்தாண்டம் சென்டரில் அவருடைய எண் 10234. போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியிலும் 10234 என்ற எண்ணில் ஒருவர் இருப்பார், அவர் வேறு ஆள். டிஸ்க்கை அப்படியே இறக்கினால் பேக்ஸ் எண்ணைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடும். எண்ணை வழங்கியவர் யார் என்று எழுத 0010,0021 என்ற டேக் உண்டு. அதைப் பலர் நிரப்புவதே இல்லை.

சரியான முறை இது. முதலில் ஓ.பி. சீட்டைப் பார்த்து இந்த ஆஸ்பத்திரியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிஸ்க்கின் ஹெடரில் உள்ள பெயர், பால், வயது மூன்றும் எதிரில் நிற்பவருக்கு ஒத்துவருகிறதா என்று வாயால் கேட்டுப் பார்க்க வேண்டும். ‘நீங்கதான் கிறிஸ்துதாசா?’ என்று கேட்டால் களைத்த மனிதர் தலையாட்டிவிடுவார்; ‘உங்க பேரென்ன?’ என்றுதான் கேட்க வேண்டும். கூட வந்தவர் வேறொரு உறவினரின் டிஸ்க்கை மாற்றி எடுத்து வந்திருப்பதும் நடக்கும். ஒத்துவந்தால் நோயாளி எண்ணை உள்ளூர் எண்ணாக மாற்றி, பழைய மதிப்புகளை 0400,0561 என்ற தொகுப்பில் சேமிக்க வேண்டும். அது ஹெடரில் எது, எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்பதன் குறிப்பேடு. ஆர்டருக்குரிய அக்சஷன் எண்ணும் இங்கே புதிதாகப் பிறக்கும். 16 எழுத்துக்கு மேல் போகாது. பரிசோதனை, வரிசை, படம் ஒவ்வொன்றுக்கும் உள்ள யுஐடி என்ற தனித்த அடையாள எண்களைத் தொடாதீர்கள். இந்த வேலை ஒழுங்குக்கு, மருத்துவ மென்பொருள்கள் ஒத்து இயங்க வழிவகுக்கும் ஐஎச்இ அமைப்பு ஒரு வரைமுறையே வெளியிட்டிருக்கிறது.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் 14 இலக்க சுகாதார அடையாள எண்ணான ஆபா இரண்டு மாநிலத்துக்கும் பொது. அது பதிவில் இருந்தால் பெயரின் 24 வடிவங்களையும் தாண்டி ஆளைப் பிடிக்கலாம். ஆனால் அது உள்ளூர் எண்ணுக்கு மாற்று அல்ல, துணை. எல்லாரிடமும் அது இருக்காது.

என்.எச். 66இல் விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் வருபவருக்குப் பெயரே இல்லை. ‘அறியப்படாதவர்’ என்று மட்டும் போட்டால் ஒரே இரவில் இரண்டு அறியப்படாதவர்கள் கலந்துவிடுவார்கள். தேதி, நேரம், வரிசை எண் சேர்த்துத் தற்காலிக எண் கொடுத்து, ஆள் தெரிந்தபின் இணைக்க வேண்டும். இணைப்பதை ஆஸ்பத்திரி மென்பொருளில் செய்து, செய்தி பேக்ஸுக்குப் போக விடுவதே முறை. பேக்ஸில் மட்டும் பெயரை மாற்றினால், பின்னால் வரும் ரிப்போர்ட் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு வரும்.

இரண்டு மடிக்கணினியில் ஒரு ஆய்வகம்

இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது. செலவும் அதிகமில்லை. பெல்ஜியத்தில் உருவான ஆர்த்தாங்க் இலவச டைகாம் சர்வர். டிசிஎம்டிகே கட்டளைக் கருவிகளும் வீசிஸ் வியூவரும் இலவசமே. ஒரு மடிக்கணினியை ஸ்கேன் கருவியாகவும் மற்றொன்றைப் பேக்ஸாகவும் பாவிக்கலாம்.

ஒவ்வொரு முனைக்கும் மூன்று விவரம்: ஐ.பி. முகவரி, போர்ட், ஏஇ டைட்டில் என்ற பெயர். ஏஇ டைட்டில் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. கடைசியில் தவறி விழுந்த ஓர் எழுத்துக்காக அரை நாள் போயிருக்கும். டைகாமுக்கு 104, 11112 வழக்கமான போர்ட்கள். ஆர்த்தாங்க் தானாக எடுத்துக்கொள்வது 4242, உலாவியில் பார்க்க 8042. மற்ற மடிக்கணினியிலிருந்து 8042 திறக்கவில்லை என்றால் பதறாதீர்கள். வெளியிலிருந்து அணுக அனுமதிக்கும் அமைப்பு தொடக்கத்தில் மூடியிருக்கும்.

முதலில் சி-எக்கோ. ஆள் இருக்கிறாரா என்று கதவைத் தட்டுவது மட்டுமே அது. அடுத்து சி-ஸ்டோர், படம் அனுப்புவது. இரண்டும் வெற்றி என்றதும் மாணவர்கள் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவார்கள். பிறகு படத்தைத் தேடும் சி-ஃபைண்ட் கொடுத்தால் மறுப்பு வரும். ஆர்த்தாங்க் எக்கோவையும் ஸ்டோரையும் யாரிடமிருந்தும் ஏற்கும். தேடவும் எடுத்துப் போகவும் பதிவு செய்த முனைகளை மட்டுமே அனுமதிக்கும். படத்தை எடுத்துப் போகும் சி-மூவ் இன்னும் குழப்பும். ‘அந்தப் படத்தை அனுப்பு’ என்று கேட்கும்போது எந்த ஏஇ டைட்டிலுக்கு என்று மட்டுமே சொல்கிறோம், ஐ.பி.யும் போர்ட்டும் சொல்வதில்லை. அந்தப் பெயருக்குரிய முகவரி சர்வரின் பட்டியலில் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். வாங்கும் முனையில் பயர்வாலும் திறந்திருக்க வேண்டும். தேடலில் படம் கிடைக்கிறது, இழுத்தால் வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

பயிற்சியில் வேண்டுமென்றே தவறு செய்ய விடுங்கள். பெயரை மூன்று விதமாக எழுதி மூன்று பரிசோதனை அனுப்பச் சொல்லி, பெயரால் தேடச் சொல்லுங்கள். எழுத்துத் தொகுதி டேகை நீக்கிவிட்டுத் தமிழ்ப் பெயரை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும் நடுவில் வைஃபையை அணைத்துவிட்டு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே எண்ணில் இரண்டு ஆட்களை இறக்கி, எப்படிப் பிரிப்பார்கள் என்று பாருங்கள்.

இதற்கு உண்மை நோயாளியின் படத்தை எடுத்தால் அடையாளத்தை நீக்க வேண்டும். பெயரையும் எண்ணையும் அழித்தால் போதாது. தேதிகள், ஆஸ்பத்திரி பெயர், மருத்துவர் பெயர், யுஐடிகள் எல்லாம் உண்டு. கருவிக் கம்பெனிகள் தங்களுக்கென வைக்கும் குழு எண் (காற்புள்ளிக்கு முன் வரும் பாதி) ஒற்றைப்படையான டேகுகளிலும் பெயர் ஒளிந்திருக்கலாம். யுஐடியை மாற்றும்போது ஒரே பழைய எண்ணுக்கு எப்போதும் ஒரே புதிய எண் என்று வைக்காவிட்டால் 300 ஸ்லைஸும் 300 தனிப் பரிசோதனையாகச் சிதறிவிடும். அல்ட்ராசவுண்டில் பெயர் படத்தின் புள்ளிகளிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டேகை அழித்தால் அது போகாது, அந்தப் பட்டையைக் கறுப்பாக்க வேண்டும். தலை சி.டி. ஸ்கேனை முப்பரிமாணத்தில் கட்டினால் முகமே தெரியும். கர்ப்பிணிகளின் ஸ்கேன் என்றால் 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. அறிமுகப் பயிற்சிக்கு அவற்றைத் தொடாமலிருப்பது நல்லது. கல்லூரிக்குள்தானே என்ற சமாதானம் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன் நிற்காது.

கடைசியாக டிஸ்க் கவுன்ட்டருக்கே திரும்புவோம். சேர்த்து முடித்தபின் எண்ணிக்கை சரியா என்று பார்த்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே திரையில் பக்கத்தில் வைத்துத் திறக்க வேண்டும். முதுகெலும்பின் வளைவு, பழைய எலும்பு முறிவு, நெஞ்சில் உள்ள ஸ்டென்ட் ஒத்துப்போனால் ஆள் ஒருவரே என்பதற்கு உடம்பே சாட்சி. ஒத்துப்போகாவிட்டால் பதிவைப் பூட்டிவிட்டு ரேடியாலஜிஸ்ட்டைக் கூப்பிட வேண்டும். அதுவரை டிஸ்க்கைக் கவருக்குள் போட்டுத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.